பின்னால் போகாத வண்டி

அந்த வண்டி யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இளவரசு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்.

"எங்க மாப்ளயோடது. ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

நல்லதுறைக்குப்பத்தின் நாட்டார் அவர். ஊர் வழக்கு, கோயில் திருவிழா, கடலுக்குப் போகிற நாள், போகாத நாள் எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். பேசுவதற்கு முன்னால் நெடுநேரம் சும்மா இருப்பது அவர் பழக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவன் பொறுமை இழந்து உண்மையைச் சொல்லிவிடுவான். தங்கை புருஷன் சுப்பராயலுவிடம் மட்டும் அது பலிக்கவில்லை. இவர் சும்மா இருந்தால் அவனும் சும்மா இருப்பான், சிரித்துக்கொண்டே.

வண்டியின் கதை சுனாமிக்கு அடுத்த வருஷம் தொடங்கியது. கடலூரிலிருந்து சிப்காட்டைத் தாண்டித் தெற்கே வரும் கரையோர ஊர்களில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஃபைபர் படகுகளைத் தானமாகக் கொடுத்தார்கள். ஊரில் பெரிய படகு வைத்திருந்த குடும்பம் இளவரசுவுடையது. அப்பா காலத்திலிருந்தே யாரிடமும் கை நீட்டியதில்லை. அவரும் வெயிலில் வரிசையில் நின்றார். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் சாவியைக் கையில் கொடுத்து, போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படகின் மூக்கில் வழக்கம்போலத் தன் அம்மா பெயரை எழுதினார்: ராமாமிர்தம். அம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வீட்டுப் படகுகளுக்கு எல்லாம் அந்தப் பெயர்தான்.

முதல் சீசனிலேயே அந்தப் படகு விலாவில் பிளந்தது. அவசரத்தில் வார்த்த படகு. உள்ளே நார் ஒட்டவேயில்லை. கரை சேர்ந்ததே பெரிய பாடு. இளவரசு அதைச் சவுக்குத் தோப்போரமாக இழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு அந்தப் பக்கம் நடக்கவே இல்லை. பார்த்தால் அந்த வரிசை ஞாபகம் வந்தது.

சுப்பராயலு ஃபைபர் வேலைக்காரன். கிழிந்த படகுக்கு ரெசினைக் குழைத்து, நார்ப்பாயை ஒட்டி, தேய்த்துக் கொடுப்பான். ஒருநாள் வந்து நின்றான்.

"மச்சான், அந்த ஒடஞ்சதை எனக்குக் குடு."

"ரிப்பேர் பண்ணப் போறியா?"

"பண்ணுவேன்."

"எடுத்துக்க. அம்மா பேரை மட்டும் அழிச்சிடு."

பழுது பார்த்துக் கடலில் விடுவான் என்றுதான் இளவரசு நினைத்தார். அவன் படகை இரண்டு இடத்தில் அறுத்தான். நடுவில் பத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூக்கையும் வாலையும் சேர்த்து ஒட்டினான். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் மெக்கானிக் பழனிவேலின் பட்டறைப் பின்புறம் செத்துக் கிடந்த ஒரு டீசல் அம்பாசடரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வாங்கி, அதன் மேல் இந்தப் படகைத் தூக்கி உட்கார வைத்தான். பலகையில் மூன்று வரிசை இருக்கை, தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய், மூக்கின் இரண்டு பக்கமும் விளக்கு. பழைய பஸ் ஒன்றின் ஹாரன். வேலை முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சிப்காட் சாலையில் அது முதன்முதலாக ஓடியபோது, எதிரே வந்த பஸ்காரன் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தான்.

மூக்கில் 'ராமாமிர்தம்' அப்படியே இருந்தது. புதுசாக மஞ்சள் பூசி, முன்பைவிடப் பெரிசாக.

"அழிக்கச் சொன்னேனே?" என்றார் இளவரசு.

"மாமியார் பேரை அழிக்கிற தைரியம் எந்த மருமவனுக்கு மச்சான் இருக்குது?"

இளவரசு கொடுத்த படகு, அவர் நின்ற வரிசை, அவர் அம்மா பெயர் எல்லாம் சேர்ந்து இப்போது ஹாரன் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. பார்க்கிறவன் எல்லாம் சிரிக்கிறான். அந்த வண்டியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்தார். தங்கை புஷ்பவள்ளி கடலூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது "ஏறிக்க அண்ணே, ஓ.டி.ல எறக்கிவிடறோம்" என்பாள். இவர் பஸ்ஸுக்கு நின்றார்.

சிரிப்பதற்கு அந்த வண்டியில் விஷயம் நிறையவே இருந்தது. முதலாவது, அதற்குப் பின்னால் போகத் தெரியாது. அம்பாசடரின் கியர் பெட்டியில் ரிவர்ஸ் உடைந்து கிடந்தது.

"ரெண்டு நாள் வேலைண்ணே, போட்டுத் தரேன்" என்றான் பழனிவேல்.

"வேணாம் பழனி. அலை மேல ஏறும்போது பின்னாடி போறேன்னா வுடுமா? மூக்கைத் தூக்கிட்டு ஏறிட வேண்டியதுதான்."

"அண்ணே, இது ரோடு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மறந்து வைத்த குடையை எடுக்க ஓ.டி. முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டான். பெண் வீட்டாரிடம் கும்பிடு போட்டு, அவர்கள் வாசலில் ஏறி, மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, கொல்லைப்படலைத் திறந்து, வரப்பு வழியாக வெளியே வந்தான். மாப்பிள்ளை ஊர்வலத்தைவிட அதற்குத்தான் கூட்டம்.

இரண்டாவது மழை. முதல் ஐப்பசி மழையில் வண்டி ராத்திரி முழுக்க வாசலில் நின்றது. காலையில் பார்த்தால் இருக்கைப் பலகை வரைக்கும் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. படகு செய்கிற கை. எங்கேயாவது ஓட்டை விடுமா? புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். சுப்பராயலு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து அடியில் குனிந்து பார்த்தான். முகம் பூரித்துவிட்டது.

"பாத்தியா புஷ்பா? ஒரு சொட்டு ஒழுகல!"

"அடப் பாவி மனுஷா, உள்ள மீன் வளக்கப் போறியா?"

அன்றைக்கு சாயங்காலமே அடியில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்தான். வைக்கும்போது அவனுக்குத் துக்கமாக இருந்தது என்று புஷ்பவள்ளி அண்ணனிடம் சொன்னாள்.

மூன்றாவது, வண்டியின் விலாவில் பக்கத்துக்கு நாலாக இரும்பு வளையங்கள். படகைக் கரையேற்றும்போது கழி கோத்துத் தூக்குகிற வளையங்கள். அவற்றை அடிச்சட்டத்தோடு சேர்த்தே பற்றவைத்திருந்தான். போதாததற்கு நாலு சவுக்குக் கழிகளும் எந்நேரமும் விலாவில் கட்டிக் கிடக்கும்.

"காரை எவன்டா தோள்ல தூக்கப் போறான்?" என்று மீன் ஏலக் கொட்டகையில் கேட்காத ஆள் இல்லை.

"தூக்குற வளையம் இல்லாம ஒரு படகு ஒடம்பை நான் செஞ்சதே இல்ல. கை வராது" என்பான்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது.

ஆனி மாசம் சிதம்பரத்தில் தேர். நல்லதுறைக்குப்பத்துக்காரர்களுக்கு அது வெறும் திருவிழா இல்லை. தேரில் வரும் அம்மன் தங்களைப் போலச் செம்படவர் வீட்டில் பிறந்த பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. தேரன்றைக்குப் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். பட்டுப்புடவை, வளையல், மஞ்சள், குங்குமம், பழம், பூ. மேல வீதி முனையில் தேர் நிற்கும் நேரத்தில் கரையோர ஊர்களெல்லாம் வந்து சீர் வைக்கும். இவர்கள் ஊருக்கு இதில் இரண்டு கட்டுப்பாடு. ஊர் எல்லையைத் தாண்டிய சீர் ஓரடி கூடப் பின்னால் வரக் கூடாது. மடியில் ஏற்றிய தட்டு தேருக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். நடுவழியில் இறங்கினால் அது சீர் இல்லை, சுமை.

முந்தின வருஷம் வாடகைக்கு எடுத்த மினி லாரி, சிதம்பரத்துக்குள் நெரிசலில் மாட்டி இருபது அடி பின்னால் வந்துவிட்டது. டிரைவர் வெளியூர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும்? அந்த வருஷம் முழுக்க வலையில் மீன் குறைந்தபோதெல்லாம் பெண்கள் அந்த இருபது அடியைத்தான் சொன்னார்கள்.

இந்த வருஷத்துச் சீருக்கு என்ன வண்டி என்று பேச ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. மூலையில் நின்றிருந்த சுப்பராயலு கையைத் தூக்கினான்.

"என் வண்டியில கொண்டு போவலாம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இளவரசு சிரிக்கவில்லை.

"முப்பது ஊரு வந்து நிக்கும் மாப்ள. நாம கோமாளி வண்டியில போய் எறங்கணுமா?"

"கோமாளிதான் மச்சான். ஆனா ஒண்ணு கேக்கறேன். பின்னாடி போவவே தெரியாத வண்டி இந்த ஜில்லாவுல வேற எங்கனா இருக்குதா?"

கொட்டகையில் அதுவரை யாருக்கும் இது தோன்றவில்லை. ஏலத்தில் எந்த ஆம்பிளையையும் கத்தி அடக்கிவிடும் அமராவதி, கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவள், எழுந்தாள்.

"அவன் சொல்றது ஞாயந்தான். அந்த வண்டிக்கு ரிவர்ஸ் இல்லன்னு நானே ஜாஸ்தி சிரிச்சவ. இப்ப சிரிப்பு வரல."

பெண்கள் பக்கம் முழுவதும் தலை ஆடியது. இளவரசு வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினார். அவரிடம் இருந்த காரணம் சபையில் சொல்லக்கூடியதாக இல்லை. வரிசையில் நின்ற வெட்கத்தை எந்த வாயால் சொல்வது?

"சரி" என்றார் கடைசியில். "சீரு போய்ச் சேரலன்னா, ஊரு பேரு போச்சு. அப்புறம் நான் நாட்டாரா இருக்க மாட்டேன். மாப்ள, கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன் மச்சான்."

தேரன்றைக்கு வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மூக்கில் மாலை போட்டார்கள். சுப்பராயலு வெள்ளைச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்னால் புஷ்பவள்ளியும் அமராவதியும் இன்னும் நாலு பெண்களும் மடியில் தட்டோடு உட்கார்ந்தார்கள். ஆண்கள் இரண்டு மினி லாரியில் பின்னே வந்தார்கள். இளவரசு லாரியில் முன்னிருக்கை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று வழி நெடுக ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் கை காட்டிச் சிரிக்கும்போது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

சிதம்பரம் எல்லையில் லாரிகளை நிறுத்திவிட்டு, மேளத்தோடு வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். பெரிய வீதியெல்லாம் ஜனக்கடல். போலீஸ்காரர் ஒருவர், "இப்படிப் போங்க, குறுக்கால மேல வீதி வந்துடும்" என்று ஒரு சந்தைக் காட்டினார். வண்டி அதில் நுழைந்தது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்; வண்டி போனால் பக்கத்துக்கு ஒரு முழம் மிச்சம். பின்னால் வேறு ஊர்க்காரர்களும் நுழைந்து சந்து நிறைந்துவிட்டது.

பாதி தூரத்தில் வண்டி நின்றது.

இளவரசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். சந்தின் குறுக்கே குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை அரைகுறையாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் அது வண்டி நீளத்துக்குச் சேறாகக் கிடந்தது. ஒருவன் காலை விட்டுப் பார்த்தான். முழங்கால் வரை போயிற்று. அதற்கு அப்பால் சந்து முடிகிற இடத்தில் மேல வீதி தெரிந்தது. கூட்டத்துக்கு மேலே தேரின் சீலைகள் தெரிந்தன. தேர் நின்றுகொண்டிருந்தது. சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது.

போலீஸ்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "அட, இது இன்னும் மூடலியா? வண்டியைப் பின்னால எடுங்க, பின்னால எடுங்க!"

"பின்னால போவாது சார்" என்றான் சுப்பராயலு.

"போவாதுன்னா?"

"ரிவர்ஸ் இல்ல."

"ரிவர்ஸ் இல்லாத வண்டியை ரோட்டுல எடுத்துட்டு வந்தியா? சரி, தட்டெல்லாம் எறக்குங்க. கையில எடுத்துட்டு நடங்க, அஞ்சு நிமிஷம்."

"எறக்க மாட்டோம்" என்றாள் அமராவதி வண்டிக்குள்ளிருந்து. "நீ வேணா எறங்கு, சேத்துல."

பின்னால் நின்ற வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். "போட்டைக் கொண்டாந்தவங்க சேத்துல நீச்சல் வுட வேண்டியதுதான!" என்று ஒருவன் கத்தினான்.

சுப்பராயலுவின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு இல்லை. அவன் இறங்கி இளவரசுவின் பக்கம் வந்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"மச்சான், தப்புப் பண்ணிட்டேன். சத்தியமா சொல்றேன், ஊருக்குப் போனதும் ரிவர்ஸ் போட்டுடறேன்."

இளவரசு வண்டியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்று அதைப் பார்த்ததே இல்லை. பிளந்த இடம் எது என்று தேடினார்; கிடைக்கவில்லை. அந்த விலாவில் கையை வைத்தார். கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தது. அவசரத்தில் எவனோ வார்த்துத் தானமாகத் தள்ளிவிட்ட தோல் இல்லை இது. அடுக்கடுக்காக, அவசரமே இல்லாத கை செய்தது. மூக்கில் அம்மா பெயர். ஓர் எழுத்து கோணாமல் எழுதியிருந்தான். அவர்கூட அவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

அவர் கை நகர்ந்து இரும்பு வளையத்தில் பட்டது.

தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடாகச் சுருட்டினார்.

"கழியை அவுரு" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. நாலு கழிகளும் கட்டவிழ்ந்தன; வண்டியின் அடியில் குறுக்கே நுழைந்து வளையத்துக்கு வளையம் கோத்தன. சொல்லித்தர வேண்டியதில்லை. கரையில் தினமும் செய்கிற வேலை. செருப்புகள் கழன்றன, வேட்டிகள் மடிந்து ஏறின. சந்துச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த ஒரு முழத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மூக்கிலும் வாலிலும் மிச்சப் பேர்.

"மூக்குல எஞ்சின் இருக்குது, கனம் ஜாஸ்தி! முன்கழிக்கு ஆள் கூட்டு!" என்று கத்தினான் சுப்பராயலு. அவனுக்கு உயிர் திரும்பியிருந்தது.

"அமராவதிக்கா, நீ மட்டும் எறங்கினா பாதி பாரம் கொறையும்!" என்று கழியடியிலிருந்து ஒருத்தன் சத்தம் போட்டான்.

"தூக்குடா பேச்சு பேசாம! உங்கப்பன் என்னை வுட பெரிய கட்டுமரத்தைத் தூக்கினவன்!"

இளவரசு முன்கழியின் முனையில் தோளைக் கொடுத்தார். நாட்டார் தோள் கொடுப்பது வழக்கமில்லை. குரல் கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்கு இரண்டும் கொடுத்தார். பேச்சுக்கு முன்னால் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற தொண்டையிலிருந்து சந்தே அதிரும்படி வந்தது.

"ஏ… ஏலேலோ!"

"ஐலசா!" என்றது ஊர்.

வண்டி எழுந்தது. சக்கரங்கள் காற்றில் தொங்கின. பெண்கள் தட்டுகளை இறுக்கிக்கொண்டார்கள். ஒரு வளையமும் முனகவில்லை. முதல் வரிசைக் கால்கள் சேற்றில் இறங்கின. முழங்கால் வரை போய், தரை கண்டு நின்றன. இழுக்கிற அலையில் மணல் காலடியில் கரையும்போது நிற்கத் தெரிந்த கால்கள். ஏலேலோ. ஐலசா. ஒவ்வொரு குரலுக்கும் ஓரடி. இளவரசுவின் கன்னத்துக்கு நேரே மஞ்சள் எழுத்து ஆடி ஆடி முன்னேறியது. வரிசையில் நின்றபோது குனிந்த கழுத்தில் இப்போது கழி அழுத்தியது. அது வலித்தது, வலி நன்றாக இருந்தது.

பின்னாலிருந்த சிரிப்பு நின்று வெகுநேரமாகியிருந்தது. சேறு தாண்டியதும் யாரும் இறக்கச் சொல்லவில்லை. இறக்கினால் ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் குரல் நிற்கவில்லை, கால்களும் நிற்கவில்லை. சந்தைத் தாண்டி, மேல வீதிக்குள், முழங்கால் வரை சேறு பூசிய நாற்பது பேர் தோளில், மாலை போட்ட படகுக் கார் ஒன்று ஜனக்கடலைப் பிளந்துகொண்டு மிதந்து வந்தது. தேர் வடத்தைப் பிடித்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜனம் தானாக வழி விட்டது.

தேருக்கு நேர் எதிரே, மூக்கு அம்மனைப் பார்க்க, இளவரசு கடைசிக் குரல் கொடுத்தார். சக்கரங்கள் நாலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. புஷ்பவள்ளி முதல் தட்டோடு இறங்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஓரடி பின்வாங்காமல், நடுவழியில் இறங்காமல் வந்த சீர்.

தட்டுகள் போய்ச் சேர்ந்து, தீபாராதனை முடிந்து, வடம் மறுபடி இறுகியது. பக்கத்து ஊர் நாட்டார் ஒருவர், வயசானவர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வளையத்தை இழுத்துப் பார்த்தார். விலாவை விரலால் தட்டினார்.

"இளவரசு, நான் இத்தனை வருஷம் தேருக்கு வரேன், இந்த மாதிரி பாத்ததில்லப்பா. யாருது இது?"

சுப்பராயலு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அந்தக் கேள்விக்கு வருகிற பதில் அவனுக்குப் பாடம்.

இளவரசு துண்டை உதறினார். வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"எங்க ஊரு வண்டி" என்றார். "எங்க மாப்ள செஞ்சது. எங்க அம்மா பேரு."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். சுப்பராயலு இந்தப் பக்கம் திரும்பினான்.

"ஊரு வண்டின்னா, டீசலும் ஊரே போட்டுடுமா மச்சான்?"

இளவரசு வண்டியின் முன்பலகையில் ஏறி உட்கார்ந்தார். சேற்றுக் காலை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் தயங்கி, உள்ளேயே வைத்தார். வண்டி தெற்கு வீதி வழியாக ஊரை முழுக்கச் சுற்றிக்கொண்டு கிளம்பியது. வேறு வழி அதற்கு இல்லை. வழியோரம் நின்றவர்கள் கை காட்டிச் சிரித்தார்கள். இளவரசு முகத்தைத் திருப்பவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. தார்ப்பாய் படபடத்தது.

"மாப்ள."

"சொல்லு மச்சான்."

"ரிவர்ஸ் போட்டுடாத."